சிறு பனியன் கம்பெனிக்கு சஸ்டெய்னபிலிட்டி: எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு செலவாகும், என்ன கிடைக்கும்

சஸ்டெய்னபிலிட்டி என்றால் சுற்றுச்சூழலையும் தொழிலாளரையும் கெடுக்காமல் உற்பத்தி செய்வது. திருப்பூரில் இருபது முதல் நூறு தையல் மெஷின் வரை ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேரடியாக ஏற்றுமதி செய்தாலும் சரி, பெரிய எக்ஸ்போர்ட்டருக்கு ஜாப் ஒர்க் எடுத்தாலும் சரி, சரக்கு வாங்கும் பையரிடமிருந்தோ எக்ஸ்போர்ட்டரிடமிருந்தோ சீக்கிரமே உங்களுக்கும் ஒரு மெயில் வரும். உங்கள் கார்பன் கணக்கு (உற்பத்தியில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது) என்ன, ஆர்கானிக் சான்றிதழ் இருக்கிறதா, கட்டிங் வேஸ்ட் எங்கே போகிறது, கரண்ட் எவ்வளவு சூரிய சக்தியில் வருகிறது என்று நாற்பது கேள்வி இருக்கும். பதில் அனுப்ப ஒரு வாரம்தான் அவகாசம் கொடுப்பார்கள்.

எனக்கு அந்த மெயில் வந்தபோது யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. கன்சல்டன்ட்கள் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். நிறைய அலைந்த பிறகுதான் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று பிடிபட்டது. அந்த வரிசையைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன். சான்றிதழ் கடைசியில்தான் வரும். பில்லும் பதிவேடும்தான் முதலில். வரிசையை மாற்றினால் பணம் முதலில் போகும், பலன் பிறகுகூட வராமல் போகலாம்.

1. கேட்பதை எழுத்தில் வாங்குங்கள்

"சஸ்டெய்னபிலிட்டி டாகுமென்ட் எல்லாம் வேணும்" என்று மெர்ச்சண்டைசர் (பையர் தரப்பில் ஆர்டரைக் கவனிப்பவர்) போனில் சொன்னால் அதை நம்பி எதையும் ஆரம்பிக்காதீர்கள். எந்தச் சான்றிதழ், எந்த ஸ்டைலுக்கு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று மெயிலில் கேளுங்கள். ஓசிஎஸ் (OCS) என்கிற எளிய ஆர்கானிக் சான்றிதழ் போதும் என்கிற இடத்தில் காட்ஸ் (GOTS) என்கிற விரிவான சான்றிதழை எடுத்தால் வேலையும் செலவும் பல மடங்கு கூடிவிடும்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்றும் புரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தமக்குச் சரக்கு கொடுப்பவர்களிடம் என்ன நடக்கிறது என்று பெரிய கம்பெனிகள் பார்த்தாக வேண்டும் என்பது அதன் சாரம். இங்கேயும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி கட்டாயமாக அறிக்கை கொடுக்கின்றன. அந்தக் கணக்கை நிரப்ப அவர்களுக்கு உங்கள் கணக்கு தேவைப்படுகிறது. கேட்டவுடன் சுத்தமாக எடுத்துக் கொடுக்கிறவரைத்தான் பையர் கூடவே வைத்துக்கொள்வார்.

2. ஒரே ஃபைலில் எல்லா ஆவணமும்

எந்த ஆடிட் வந்தாலும் முக்கால்வாசி இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள்:

- ஜிஎஸ்டி பதிவு, உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) சான்றிதழ், ஏற்றுமதியாளர் என்றால் ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி எண்)
- தொழிற்சாலை உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று
- இஎஸ்ஐ, பிஎஃப் கட்டிய சலான்கள், சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, தொழிலாளர்களின் வயதுச் சான்று
- கடந்த 12 மாத மின் பில், டீசல், விறகு, கேஸ் பில்கள்
- வேஸ்ட் விற்ற பில்கள், எடைச் சீட்டோடு
- நீங்கள் வேலை கொடுக்கும் சாயப்பட்டறை, பிரிண்டிங், வாஷிங் யூனிட்களின் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை நகல்கள்

சாயமும் வாஷிங்கும் இல்லாமல் தைத்து மட்டும் கொடுக்கிற பனியன் யூனிட் மாசு வகைப்பாட்டில் வெள்ளைப் பிரிவில் வரும். அதற்கு இசைவாணை தேவையில்லை. ஆனாலும் ஆடிட்டர் கேட்பார். வாரியத்துக்கு எழுதித் தெரிவித்த கடிதத்தையும் அதன் ஒப்புகையையும் ஃபைலில் வையுங்கள். பாய்லர், பெரிய ஜெனரேட்டர் வைத்திருந்தால் பிரிவு மாறுமா என்று மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது முகவரியில்தான். ஜிஎஸ்டியில் ஒரு கதவு எண், உத்யமில் இன்னொன்று, மின் இணைப்பு பில்டிங் ஓனர் பெயரில் என்று இருக்கும். வாடகைக் கட்டடத்தில் இது சகஜம். வாடகை ஒப்பந்தத்தில் மின் இணைப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "இந்த இணைப்பை இன்ன கம்பெனி பயன்படுத்துகிறது" என்று ஓனரிடம் கையெழுத்திட்ட கடிதமும் வாங்குங்கள். ஒரே மீட்டரில் இரண்டு கம்பெனி ஓடினால் சப்-மீட்டர் போடாமல் உங்கள் கணக்கை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஆவணம் சேர்க்க ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். தீயணைப்புச் சான்றும் கட்டட உறுதிச் சான்றும் காலாவதியாகியிருந்தால் இன்னும் கூடுதலாக ஆகும்.

3. பன்னிரண்டு மாதக் கணக்கை ஒரு தாளில் போடுங்கள்

கார்பன் கணக்கு என்றதும் மிரள வேண்டாம். தைக்கிற யூனிட்டுக்கு அது ஒரு எக்ஸெல் ஷீட்தான். மாதா மாதம் எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கிலோ கேஸ், எத்தனை பீஸ் பேக்கிங் ஆனது, எத்தனை கிலோ துணி வந்தது, எத்தனை கிலோ வேஸ்ட் போனது என்று எழுதுங்கள்.

இந்தியாவின் பொது மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு கணக்கு. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்த எண்ணை வெளியிடுகிறது, அதையே பயன்படுத்துங்கள். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ, எல்பிஜி கிலோவுக்குச் சுமார் 3 கிலோ.

உதாரணத்துக்கு, மாதம் 6,000 யூனிட்டும் 100 லிட்டர் டீசலும் செலவழித்து 30,000 பீஸ் போட்டால் 4,200 + 270 = 4,470 கிலோ. பீஸுக்கு 149 கிராம். நூல், நிட்டிங், சாயம் எல்லாம் இதில் சேராது. "இது தையல் யூனிட்டின் கணக்கு மட்டும்" என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு டி-ஷர்ட்டின் மொத்தக் கார்பனே 149 கிராம்தான் என்று யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள், பிறகு பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எண் தெரியாத கட்டத்தில் குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள். அடுத்த வருடம் உண்மை எண் கொடுக்கும்போது கார்பன் கூடியதாகத் தெரியும்.

4. பணம் மிச்சமாகிற வேலைகளை முதலில் முடியுங்கள்

இந்தக் கட்டத்துக்கு யார் அனுமதியும் வேண்டாம், கன்சல்டன்டும் வேண்டாம்.

துணியிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லோரும் சோலார் பேனல் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் பனியன் கம்பெனியில் பெரிய செலவு துணிதான். மாதம் 5,000 கிலோ துணி, கிலோ 400 ரூபாய் என்றால் 20 லட்சம். மார்க்கரை (வெட்ட வேண்டிய பாகங்களைத் துணிமேல் அடுக்கும் வரைபடத்தை) சரியாகப் போட்டு, விரிக்கும்போது ஓரத்திலும் முனையிலும் விடுவதைக் குறைத்து ஒரு சதவீதம் மிச்சப்படுத்தினாலே மாதம் 20,000 ரூபாய். அந்தத் துணிக்குள் பருத்தி, நூற்பு, சாயம், தண்ணீர் எல்லாம் ஏற்கெனவே செலவாகியிருக்கின்றன. ஆகவே சுற்றுச்சூழலுக்கும் பெரிய மிச்சம் இங்கேதான். ஜாப் ஒர்க்காரருக்குத் துணி தன்னுடையது இல்லையே என்று தோன்றலாம். ரோல் வாரியாக எடை போட்டு வாங்கி, கட்டிங் ஆனபின் பீஸ் எடை, வேஸ்ட் எடை இரண்டையும் எழுதிக் கொடுங்கள். ஷார்ட்டேஜ் தகராறு வரும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

கட்டிங் வேஸ்ட்டை வெள்ளை, கலர், லைக்ரா கலந்தது என்று தனித்தனி மூட்டையாகப் பிரியுங்கள். வெள்ளைக் காட்டன் மூட்டைக்கு எப்போதும் நல்ல விலை உண்டு, எல்லாம் கலந்து கட்டினால் மட்டமான விலைதான் கிடைக்கும். பில் இல்லாமல் விற்காதீர்கள். அந்த வேஸ்ட், கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓஇ மில்லுக்குப் போய் மறுபடி நூலாகிறது என்பதற்கு உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த பில்.

அடுத்தது விளக்கு. பழைய 36 வாட் ட்யூப் லைட் சோக்கோடு சேர்த்து ஏறத்தாழ 50 வாட் இழுக்கும். எல்இடி 20 வாட். நூறு ட்யூப், தினம் பத்து மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 9,000 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 72,000 ரூபாய். ட்யூப் ஒன்று 250 ரூபாய் என்றாலும் போட்ட 25,000 நான்கைந்து மாதத்தில் திரும்பிவிடும். செக்கிங் டேபிளில் மட்டும் வெளிச்சத்தின் நிறம் மாறாமல் பார்த்து வாங்குங்கள், ஷேடு பார்ப்பதில் குழப்பம் வரும்.

பழைய ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் கிளட்ச் மோட்டார் இருந்தால், தைக்காத நேரத்திலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் ஓடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை, பழுதாகிறவற்றை ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். மெஷின் அடியில் சூடும் சத்தமும் குறைவதால் உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கும் நிம்மதி.

கம்ப்ரசர் இருந்தால் மதிய இடைவேளையில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு அருகில் நின்று கேளுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது அடிக்கடி ஓட ஆரம்பித்தால் எங்கோ கசிகிறது. அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசரின் மின்செலவு 6 முதல் 7 சதவீதம் குறையும். அயர்னிங் டேபிளுக்குப் போகும் ஸ்டீம் பைப்பில் இன்சுலேஷன் கிழிந்திருக்கிறதா, மின் பில்லில் பவர் ஃபேக்டர் அபராதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சோலார் இதற்கெல்லாம் பிறகுதான். நம் பக்கம் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாகத் தினம் 4 யூனிட் தரும், நூறு சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும். விற்பவர் கொடுக்கும் லாபக் கணக்கில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு என்ன கிடைக்கும்? மின்வாரியத்துக்குக் கட்டும் நெட்வொர்க் கட்டணத்தைக் கழித்திருக்கிறார்களா? ஷீட் கூரை எடை தாங்கும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுப்பாரா? வாடகைக் கட்டடம் என்றால், போட்ட பணம் திரும்பும் காலத்துக்காவது வாடகை ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும்.

5. அரசு உதவி: மெஷின் வாங்கும் முன் விண்ணப்பியுங்கள்

உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அரசுத் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம்.

அடுத்து மத்திய அரசின் ஜெட் (ZED) சான்றிதழ், குறைபாடும் சுற்றுச்சூழல் பாதிப்பும் இல்லாமல் உற்பத்தி செய்வதற்கானது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை. கட்டணம் முறையே 10,000, 40,000, 90,000 ரூபாய். குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீத மானியம். குறு நிறுவனம் வெண்கலத்துக்குக் கையிலிருந்து கட்டுவது 2,000 ரூபாய்தான். பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்குக் கட்டணம் முழுவதும் மானியம். முதலில் தளத்தில் உறுதிமொழி எடுத்து, பிறகு புகைப்படங்களையும் ஆவணங்களையும் ஏற்ற வேண்டும். ஜெட் இருப்பதால் வெளிநாட்டு பையர் ஆர்டர் தந்துவிடமாட்டார். இருந்தாலும் செய்யுங்கள். பதிவேடு வைக்கும் பழக்கம் வரும், சில வங்கிகளில் கடனுக்குச் சலுகையும் உண்டு.

தமிழக அரசின் 'பீஸ்' (PEACE) எரிசக்தி சிக்கனத் திட்டத்தில் எரிசக்தித் தணிக்கைச் செலவின் ஒரு பகுதியும், தணிக்கையில் பரிந்துரைத்த கருவிகளின் செலவில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும். தரச் சான்றிதழ் கட்டணத்தைத் திரும்பப் பெற கியூ-செர்ட் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் பணத்தைக் கட்டிவிட்டு, அசல் பில்லும் வங்கி ரசீதும் கொடுத்துத்தான் திரும்பப் பெற முடியும். ரொக்கமாகக் கொடுத்த பில் எதற்கும் உதவாது. மானியம் வரும் தேதியை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள்.

6. சான்றிதழ்: எது தேவையோ அது மட்டும்

முதலில் வித்தியாசம் தெரிய வேண்டும். ஓக்கோ-டெக்ஸ் 100 என்பது துணியில் கெடுதலான ரசாயனம் இல்லை என்கிற பரிசோதனை. ஆர்கானிக் என்று அது சொல்வதில்லை. ஓசிஎஸ், ஆர்கானிக் நார் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பின்தொடரும். காட்ஸ், நாரோடு ரசாயனம், கழிவுநீர், தொழிலாளர் நலன் எல்லாவற்றையும் பார்க்கும். அதில் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம், 'ஆர்கானிக் நாரால் ஆனது' என்று போட 70 சதவீதம் சான்று பெற்ற ஆர்கானிக் நார் வேண்டும். மறுசுழற்சி நூல் என்றால் ஜிஆர்எஸ். அதில் சான்று பெறக் குறைந்தது 20, லேபிள் போட 50 சதவீதம்.

காட்ஸ் எடுப்பதாக இருந்தால் வேலை இப்படிப் போகும். அங்கீகாரம் பெற்ற சான்று நிறுவனங்களின் பட்டியல் காட்ஸ் தளத்தில் இருக்கிறது. மூன்றிடம் கொட்டேஷன் வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆடிட்டருக்கு எத்தனை நாள், பயணமும் தங்கலும் யார் செலவு, யூனிட்டுக்கு வருடாந்திர உரிமக் கட்டணம் எவ்வளவு, ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் (அந்தச் சரக்குக்கான தனிச் சான்று) கட்டணம் எவ்வளவு, சாம்பிள் டெஸ்ட் யார் பொறுப்பு என்று வரி வரியாகக் கேளுங்கள். சின்னச் சின்ன ஷிப்மென்ட் நிறைய அனுப்புகிறவருக்கு ஆடிட் கட்டணத்தைவிட இந்த சர்டிபிகேட் கட்டணமே அதிகமாகிவிடும்.

பிறகு ஒப்பந்தம், பணம், ஆவணம் அனுப்புதல், நேரடி ஆடிட், குறைகளைச் சரிசெய்து ஆதாரம் அனுப்புதல், கடைசியில் ஸ்கோப் சர்டிபிகேட். தயாரிப்பு வேலையையும் சேர்த்து மூன்று நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கைக்கு வந்தபிறகு ஆரம்பித்தால் ஷிப்மென்ட் தேதிக்குள் முடியாது.

இனி கவனிக்க வேண்டியவை. ஸ்கோப் சர்டிபிகேட் உங்கள் கம்பெனிக்குத் தகுதி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். இந்தச் சரக்கு ஆர்கானிக் என்று சொல்வது டிரான்சாக்ஷன் சர்டிபிகேட்தான். நூல் விற்பவர் ஸ்கோப் சர்டிபிகேட்டைக் காட்டி ஆர்கானிக் விலை கேட்டால், டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் எத்தனை நாளில் தருவார் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். மில்லிலிருந்து அது வராமல் உங்களுக்கும் கிடைக்காது, உங்களுக்குக் கிடைக்காமல் பையர் பணம் கொடுக்கமாட்டார். இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றோடு ஆர்கானிக் என்று விற்கப்பட்டதை 2020 அக்டோபரில் காட்ஸ் நிறுவனமே வெளிப்படுத்தியது. காகிதத்தின் எண்ணைச் சான்று நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்ப்பதில் சங்கடப்பட எதுவுமில்லை.

வெளியே கொடுக்கும் எல்லா வேலையும் கணக்கில் வரும். பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காஜா பட்டன், பவர் டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) எல்லாம் சான்று பெற்ற இடமாக இருக்க வேண்டும், அல்லது உங்கள் சான்றிதழில் சேர்க்கப்பட்ட இடமாக இருக்க வேண்டும். அவசரத்துக்குப் பக்கத்துத் தெரு யூனிட்டில் கொடுத்து வாங்கினால் அந்த லாட்டே ஆர்கானிக் இல்லை. காலர், ரிப் இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பாடி துணி ஆர்கானிக், காலர் கடையில் வாங்கியது என்றால் ஆடிட்டர் எடைக் கணக்கில் பிடித்துவிடுவார். வந்த கிலோ, கழிவு, போன கிலோ மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். மூன்றாம் கட்டத்தில் சொன்ன தாள் இங்கே கைகொடுக்கும்.

சாதாரண ஆர்டரும் ஆர்கானிக் ஆர்டரும் ஒன்றாக ஓடினால் தனி ரேக், தனி நிற டேக், லாட் கார்டு அவசியம். கறை எடுக்கும் திரவம் எது, அதன் பாதுகாப்புத் தாள் எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். பேக்கிங்கில் பிவிசி கூடாது. லேபிள், டேக் டிசைனைச் சான்று நிறுவனம் ஒப்புக்கொள்ளும் முன் அச்சடிக்காதீர்கள்.

தொழிலாளர் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆடிட்டர் தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருந்தால் அறிவிப்புகளும் புகார்ப் பெட்டி விவரமும் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களுக்கும் இஎஸ்ஐ, பிஎஃப் கட்டியிருக்க வேண்டும். ஆடிட் நாளுக்காக மட்டும் சொல்லிக்கொடுத்த பதில் எளிதில் தெரிந்துவிடும். அதோடு, சம்பளக் கணக்கு சரியாகக் கிடைக்கிற இடத்தில் ஆள் நிற்பார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருகிற கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் என்பதை எந்த ஷீட்டிலும் எழுதாவிட்டாலும் நமக்குத் தெரியும்.

7. விலை பேசும்போது

சான்றிதழ் இருக்கிறது என்பதற்காகப் பையர் பீஸுக்கு அதிகம் தருவார் என்று எதிர்பார்த்துக் கடன் வாங்காதீர்கள். பெரும்பாலும் தருவதில்லை. கிடைப்பது அடுத்த சீசன் ஆர்டர், புதிய பையரிடம் உள்ளே நுழையும் வாய்ப்பு, நான்காம் கட்டத்தில் சொன்ன மிச்சம். ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் எக்ஸ்போர்ட்டரிடம் ஆடிட் செலவில் பாதியையாவது கேளுங்கள். அது முடியாது என்றால் ஒரு வருடத்துக்கு இத்தனை பீஸ் தருவேன் என்று எழுத்தில் கேளுங்கள். உங்களைத் தன் சான்றிதழில் சேர்த்துக்கொள்வது அவருக்கும் லாபம்தான்.

பேச்சில் நமக்கு ஒரு பலம் உண்டு. 2011-ல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு, சாயக் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றிவிட்டது. உங்கள் சாயப்பட்டறை எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர் என்ற சான்றை இணைத்து அனுப்புங்கள். வேறு நாட்டில் வாங்கும் பையருக்கு இது எளிதில் கிடைக்காத காகிதம்.

டேகில் 'எக்கோ ஃபிரெண்ட்லி', 'கிரீன்' என்று நீங்களாக எதையும் போடாதீர்கள். ஆதாரமில்லாத பொதுவான பசுமை வாசகங்களைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2026 செப்டம்பர் 27 முதல் அமலாகிறது. பையர் அனுப்பிய வாசகத்தையே, அவர் ஒப்புதல் மெயிலோடு பயன்படுத்துங்கள்.

8. புதுப்பிக்கும் தேதி

ஸ்கோப் சர்டிபிகேட் ஒரு வருடத்துக்குத்தான். காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் ஆடிட் தேதியைக் கேட்டு வாங்குங்கள், சீசன் நேரத்தில் ஆடிட்டர் கிடைப்பது கஷ்டம். பழையது முடிந்து புதியது வராத இடைவெளியில் சரக்கு அனுப்பினால் டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் வாங்குவது பெரும்பாடு. தீயணைப்புச் சிலிண்டர் நிரப்பும் தேதி, கட்டட உறுதிச் சான்று, தொழிற்சாலை உரிமம், ஓனர் கடிதம் எல்லாவற்றின் முடிவுத் தேதியையும் ஒரே தாளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டி, அதைப் பார்க்கும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.